படகில் பயணி என்று எவரும் இல்லை

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் சாலையில் பதினாறு கிலோமீட்டர் மேலே போனால் சிவபுரி. கங்கை மலைகளுக்கு நடுவே வளைந்து வரும் இடம். கரையெல்லாம் வெள்ளை மணல். மார்ச் மாதத்துக் காலையில் அங்கே போய் நின்றால், கூரையில் ரப்பர் படகைக் கவிழ்த்துக் கட்டிய ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்க்கலாம். படகுகள் இறங்கும். டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த இளைஞர்கள் லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு மணலில் வட்டமாக நிற்பார்கள். நடுவில் நிற்கும் கைடு, கார்வால் மலைப் பகுதி இளைஞர், இந்தியும் ஆங்கிலமும் கலந்து பத்து நிமிடம் பேசுவார். துடுப்பை எப்படிப் பிடிப்பது, காலை எங்கே செருகிக்கொள்வது, தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது, பக்கத்தில் ஒருவர் விழுந்தால் எங்கே பிடித்து இழுப்பது.

கேட்பவர்களில் பாதிப் பேரின் கவனம் அங்கே இருக்காது. தொப்பியில் கேமரா சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் ராஃப்டிங் என்ற இந்த விளையாட்டின் இலக்கணம் முழுவதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் இருக்கிறது. ராஃப்டிங்கைச் சவாரியாக நினைத்துப் பணம் கட்டி வருகிறோம். அதுவோ குழு விளையாட்டு. படகில் ஏறியவர் யாராக இருந்தாலும் ஆட்டக்காரர்தான். இந்த ஒரு விஷயம் புரியாததால்தான் நம் நாட்டில் பல விபத்துகள் நேர்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

எல்லோரும் ஒரே வீச்சில்

ராஃப்ட் என்பது காற்றடைத்த குழாய்களால் ஆன படகு. இயந்திரம் கிடையாது. ஆறு முதல் எட்டுப் பேர் உட்காரலாம். உட்காரும் இடம் படகின் உட்புறம் இல்லை. வெளிக் குழாயின் மேல். குறுக்குக் குழாயின் அடியில் பாதத்தைச் செருகிக்கொண்டு, இடுப்புக்கு மேல் உடம்பை ஆற்றின் பக்கம் சாய்த்துத் துடுப்புப் போட வேண்டும். கைடு பின்முனையில் இருப்பார். முன்னால் இருக்கும் இருவர் வைப்பதே வேகம். மற்றவர்கள் தங்களுக்கு முன்னால் இருப்பவரின் துடுப்பைப் பார்த்து அதே கணத்தில் தங்கள் துடுப்பை இறக்க வேண்டும். ஆறு பேர் ஆறு விதமாகத் துழாவினால் துடுப்போடு துடுப்பு மோதும். படகு நின்ற இடத்தில் சுற்றும்.

தேர்த் திருவிழா பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடம் பிடித்து இழுப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், வீதி முனையில் தேரைத் திருப்புவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர். அவர் கட்டை போடுவதற்கு முதலில் தேர் நகர வேண்டும். பின்முனையில் இருக்கும் கைடின் நிலையும் அதுவே. ஆற்றின் வேகத்திலேயே படகும் மிதந்து போனால் அவர் துடுப்புக்குப் பிடிமானம் கிடைக்காது. படகு ஆற்றைவிட வேகமாகவோ மெதுவாகவோ போனால்தான் அதைத் திருப்ப முடியும். அதனால்தான் பெரிய அலை எழுந்து நிற்கிற இடத்தில், எல்லோருக்கும் கை உறைந்து போகிற அந்த நொடியில், அவர் 'ஃபார்வர்டு' என்று கத்துகிறார். துடுப்பு தண்ணீருக்குள் இருக்கும்வரை போடுகிறவருக்கும் அதுவே ஊன்றுகோல். பயந்து துடுப்பைத் தூக்கிக்கொண்டவர்தான் முதலில் ஆற்றில் விழுவார்.

இன்னொரு கட்டளை இருக்கிறது. அதைக் கேட்கும் சந்தர்ப்பம் பலருக்கு வாய்க்காது. வாய்த்தால் யோசிக்க நேரம் இருக்காது. 'ஹை சைடு!' படகு குறுக்காகப் போய்ப் பாறையில் மோதும்போது மனித உடம்பு தன்னையறியாமல் பாறையை விட்டு விலகிப் பின்னால் சாயும். அப்படிச் சாய்ந்தால் எல்லோருடைய எடையும் நீர் வரும் பக்கத்துக் குழாயில் இறங்கும். ஆறு அந்தக் குழாயை அமுக்கி உள்ளே புகுந்துவிடும். படகு கவிழும், அல்லது பாறையைச் சுற்றி ஈரத் துணியாக ஒட்டிக்கொள்ளும். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. எல்லோரும் பாறை இருக்கும் பக்கத்துக் குழாயின் மேல், ஒருவர் மேல் ஒருவர் விழுந்தாலும் சரி, ஒரே சமயத்தில் பாய வேண்டும். ஒருவர் மட்டும் பாய்ந்து பயனில்லை. உள்ளுணர்வுக்கு எதிராக ஆறு பேர் ஒரே நொடியில் நகர்வது, அதுவும் காலையில்தான் சந்தித்துக்கொண்ட ஆறு பேர் நகர்வது, எத்தனை பெரிய காரியம்! மற்ற குழு விளையாட்டுகளில் இதற்கு ஆண்டுக் கணக்கில் பயிற்சி எடுப்பார்கள்.

போட்டியாக நடக்கும் ராஃப்டிங்கில் அந்தப் பயிற்சி உண்டு. சர்வதேச ராஃப்டிங் கூட்டமைப்பின் போட்டிகளில் நான்கு பிரிவுகள்: குறுகிய தூர வேக ஓட்டம், இரண்டு படகுகள் நேருக்கு நேர் மோதும் ஓட்டம், தொங்கும் கம்பங்களுக்கு நடுவே புகுந்து வரும் ஸ்லாலம், கடைசியாக ஆற்றோடு நெடுந்தூரம். முறையே 100, 200, 300, 400 புள்ளிகள். வேகத்துக்கு ஆகக் குறைந்த மதிப்பும், களைத்த பிறகும் குலையாத ஒத்திசைவுக்கு ஆக உயர்ந்த மதிப்பும் வைத்திருக்கிறார்கள். இந்த விளையாட்டை அறிந்தவர்கள் போட்ட கணக்கு அது.

தண்ணீரைப் படித்தல்

ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அது ஓடும் வேகம் இரு மடங்கானால் மோதும் விசை நான்கு மடங்காகும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தால் நுரை அழகாக மட்டும் தெரியாது. பாறையின் மேல் ஏறி விழும் நீர் அடியில் குடைந்து, மேற்பரப்பில் பின்னோக்கித் திரும்பி வரும். ஆட்டக்காரர்கள் அதை 'ஹோல்' என்பார்கள். சில ஹோல்கள் விழுந்தவரை உடனே வெளியே தள்ளிவிடும். சில பிடித்து வைத்துச் சுழற்றும். இரண்டு பாறைகளுக்கு நடுவே நீர் வழுவழுப்பாக, கீழ்நோக்கிக் கூர்ந்த நாக்காக இறங்கினால் அங்கே வழி இருக்கிறது. பெரிய பாறைக்குப் பின்னால் நீர் மேல்நோக்கித் திரும்பி அமைதியாகக் கிடக்கும். 'எடி' எனப்படும் அந்த ஒதுக்கம்தான் ஆற்றின் நடுவே மூச்சு வாங்க இருக்கிற திண்ணை.

ஆறு பாறைகளில் மோதிக் கொந்தளித்து ஓடும் இடங்களான ரேபிட்களை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்று சலசலப்பு, ஆறு உயிர்ப் பந்தயம். சிவபுரிக்குக் கீழே ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் போன்றவை சுற்றுலாப் பயணிகளும் கடக்கக்கூடியவை. மேலே கௌடியாலாவுக்கும் வியாசிக்கும் அருகில் 'தி வால்' இருக்கிறது. அனுபவமுள்ள கைடுகளும் கரையில் இறங்கிப் பார்த்த பிறகே அதற்குள் போவார்கள். ஆனால் தர எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஆற்றில் நீர்மட்டம் மாறினால் அதே ரேபிட் வேறொன்றாகிவிடும். மழைக்காலத்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கங்கையில் ராஃப்டிங் நிறுத்தப்படுவது இதனால்தான்.

துணைக்கு வரும் சின்னப் படகு

ராஃப்டுகளோடு கூடவே ஒருவர் மட்டும் உட்காரும் சின்னஞ்சிறு படகு ஒன்று முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் கயாக். இடுப்பைச் சுற்றி நீர் புகாத பாவாடை ஒன்றைப் படகின் விளிம்போடு இழுத்து மாட்டிக்கொண்டு ஆளும் படகும் ஓருடலாக இருப்பார்கள். கவிழ்ந்தால் வெளியே வராமல், தலைகீழாகத் தொங்கியபடியே இடுப்பை வெட்டித் திருப்பிப் படகை நிமிர்த்திக்கொள்வார் கயாக்கர். கை பலம் இங்கே இரண்டாம்பட்சம். இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், தலை கடைசியாக வெளியே வர வேண்டும். மூச்சுக்குத் தவித்துத் தலையை முதலில் தூக்குகிறவர் மறுபடி கவிழ்வார்.

பார்ப்பவர்களுக்குக் கயாக் தனி மனிதச் சாகசமாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. கயாக்கர்கள் தனியே ஆற்றில் இறங்குவதை அவர்கள் சமூகமே ஒப்புக்கொள்ளாது. ஒருவர் ரேபிட்டுக்குள் போகும்போது, முன்னால் போனவர் கீழே எடியில் திரும்பி நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார். கரைப் பாறையில் ஒருவர், விழுந்தவரை நோக்கி வீசும் கயிற்றுப் பையோடு நிற்பார். ஆற்றின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் துடுப்பும் விசிலுமே மொழி. துடுப்பைச் செங்குத்தாக உயர்த்தினால் வரலாம். தலைக்கு மேல் படுக்கையாகப் பிடித்தால் நில். மூன்று முறை விசில் ஊதினால் ஆபத்து. இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று: ஆபத்து இருக்கும் திசையைக் கை காட்டவே கூடாது, எப்போதும் தப்பிக்கும் வழியைத்தான் காட்ட வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் கை நீண்ட பக்கம்தான் போவார்.

மீட்பிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் எட்டிப் பிடி. எட்டாவிட்டால் கயிறு வீசு. அதுவும் ஆகாவிட்டால் படகில் போ. நீயே குதிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. கயிறு கிடைத்தவர் அதைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது; மார்போடு பிடித்து மல்லாந்து மிதக்க வேண்டும். விழுந்தவர் கால்களை மேலே தூக்கி, பாதம் ஆறு ஓடும் திசையில் முன்னால் இருக்கும்படி மிதந்து வர வேண்டும். முழங்கால் அளவு நீரிலும் ஓட்டத்தின் நடுவே எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், பின்னாலிருந்து தள்ளும் நீர் ஆளை முகங்குப்புற அமுக்கிவிடும். காவிரியிலும் தாமிரபரணியிலும் குளிக்கப் போகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய பாடம் இது.

கயாக்கர்களிடையே உலகமெங்கும் ஒரு வேடிக்கையான வழக்கம் இருக்கிறது. கவிழ்ந்து, படகை விட்டு வெளியேறி நீந்திக் கரை சேர்ந்தவர், அன்று மாலை தன் ஈரக் காலணியில் ஊற்றிய பீரைக் குடிக்க வேண்டும். சுற்றிலும் கைதட்டல். தோற்றதை மறைக்க இங்கே எவருக்கும் அனுமதி இல்லை. ஏனெனில் மறைக்கப்பட்ட தவறிலிருந்து அடுத்தவர் எதையும் கற்க முடியாது. நீந்தாத கயாக்கர் என்று ஒருவர் கிடையாது என்பதும் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சைபீரியாவில் சேர்ந்த துடுப்புகள்

ஆற்றில் குழு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1869-இன் கொலராடோ ஆற்றுப் பயணம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த ஜான் வெஸ்லி பாவெல் தலைமையில் பத்துப் பேர் நான்கு மரப் படகுகளில் புறப்பட்டார்கள். ஒரு படகு நொறுங்கியது. ஒருவர் பாதியில் விலகினார். உணவு தீர்ந்துகொண்டிருந்த ஆகஸ்ட் 28 அன்று, கிராண்ட் கேன்யனின் கொடூரமான ரேபிட் ஒன்றைப் பார்த்த மூவர், இனி ஆற்றில் இறங்க மாட்டோம் என்று மலையேறிப் போனார்கள். அந்த மூவரும் கொல்லப்பட்டார்கள். ஆற்றோடு போன ஆறு பேரும் ஆகஸ்ட் 29 அன்று, மறுநாளே, பள்ளத்தாக்கை விட்டு உயிரோடு வெளியே வந்தார்கள். மூவரும் பிரிந்த அந்த இடத்துக்கு 'செப்பரேஷன் ரேபிட்' என்றே பெயர்.

சேர்ந்ததற்கும் கதை உண்டு. பனிப்போரின் கடைசி ஆண்டுகளில், 1989-இல், சோவியத் யூனியனின் அல்தாய் மலைப் பகுதியில் சுயா ஆற்றில் ஒரு ராஃப்டிங் விழா நடந்தது. ரஷ்யர்களும் அமெரிக்கர்களும் இணைந்து உண்டாக்கிய 'புராஜெக்ட் ராஃப்ட்' என்ற அமைப்பின் ஏற்பாடு அது. அடுத்த ஆண்டு சோவியத் படகோட்டிகள் அமெரிக்காவின் வட கரோலினாவுக்குப் போய் நாண்டஹாலா ஆற்றில் துடுப்புப் போட்டார்கள். இந்தச் சந்திப்புகளில் உருவான உறவுகளிலிருந்துதான் 1997-இல் சர்வதேச ராஃப்டிங் கூட்டமைப்பு பிறந்தது.

நம் கங்கைக்கும் இதில் இடம் உண்டு. எவரெஸ்ட் நாயகர் எட்மண்ட் ஹிலாரி 1977-இல் ஜெட் படகுகளில் வங்கக் கடலிலிருந்து கங்கையை எதிர்த்து மேலே வந்தார். எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பால், 1994-இல் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவோடு ஹரித்வாரிலிருந்து கொல்கத்தா வரை ராஃப்டில் போனார். பதினெட்டுப் பெண்கள், மூன்று படகுகள், 2,155 கிலோமீட்டர், 39 நாட்கள். ஆற்றங்கரை ஊர்களில் அவர்களைப் பார்த்த சிறுமிகளின் மனத்தில் என்ன விதை விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆற்றைத் திரும்பப் பெற்றவர்கள்

இந்தப் படகோட்டிச் சமூகத்தின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு முதல் காரணம் சாகசம் அல்ல, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓகோயீ ஆற்றுக்காக அவர்கள் செய்தது. 1913-இல் கட்டப்பட்ட ஓர் அணையிலிருந்து ஆற்று நீர் முழுவதையும் மரத்தாலான வாய்க்காலில் மலையோரமாகக் கொண்டுபோய் மின்சாரம் எடுத்தார்கள். ஆற்றுப் படுகை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லாகக் கிடந்தது. 1976-இல் வாய்க்கால் பழுதாகி மூடப்பட, நீர் பழைய படுகையில் மறுபடி ஓடியது. ராஃப்ட்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அதைச் சுற்றி ஒரு தொழிலும் ஊரும் வளர்ந்தன. வாய்க்காலைச் செப்பனிட்டு நீரைத் திரும்ப எடுத்துக்கொள்ள மின்வாரியம் முனைந்தபோது, அவர்கள் சங்கம் அமைத்து நாடாளுமன்றம் வரை போனார்கள். இழக்கும் மின்சாரத்துக்கு ஈடாக நிதி ஒதுக்கப்பட்டு, ஆண்டுக்கு 116 நாட்கள் ஆற்றில் நீர் விடுவதாக 35 ஆண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் ஸ்லாலம் போட்டி அதே ஆற்றின் மேற்பகுதியில் நடந்தது.

மேற்கு வர்ஜீனியாவின் காலி ஆற்றிலும் இப்படியே. அதன் நீரோட்டத்தைக் குலைக்க இருந்த மின்திட்டத்தைத் தடுத்து நிறுத்தியதைக் கொண்டாட 1983-இல் தொடங்கிய காலி விழாவுக்கு இன்றும் நாடெங்கிலுமிருந்து கயாக்கர்கள் வருகிறார்கள்.

நம் பக்கம் கதை வேறு. 260 மீட்டர் உயரமுள்ள தெஹ்ரி அணைக்குப் பின்னால், கங்கையின் மூல நதியான பாகீரதியின் நீண்ட ஓட்டம் தேங்கி நின்றுவிட்டது. அங்கே ஓடிய ரேபிட்கள் நீருக்கடியில். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆற்றை ஓடும் ஆறாகவே அறிந்தவர்கள் அந்தப் பேச்சில் ஒரு தரப்பாக உட்கார வேண்டும் என்கிறேன். தேவப்பிரயாகைக்குக் கீழே மிஞ்சியிருக்கும் கங்கையிலும் சிக்கல்கள் வந்தன. கரை மணலில் பெருகிய கூடாரங்களால் ஆறு அசுத்தமானதை அடுத்து 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அவற்றுக்குத் தடை போட்டது. 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், முறையான கொள்கை வகுக்கும்வரை ராஃப்டிங்கையே நிறுத்தச் சொன்னது. பிழைப்புப் போனதே என்று அன்று வருந்திய கைடுகளின் துயரம் உண்மையானது. ஆனால் கட்டுப்பாடு வெளியிலிருந்து வரும்வரை காத்திருந்தது தவறு என்பதும் உண்மை.

தென்னாட்டு மழைக்காலம்

கங்கையில் படகுகள் கரையேறும் ஜூலையில்தான் தெற்கே ஆட்டம் களைகட்டும். கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், கோடஞ்சேரியை ஒட்டிய சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் 2013 முதல் மலபார் ஆற்றுத் திருவிழா நடக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து கயாக்கர்கள் வருகிறார்கள். ஸ்லாலம், பல கயாக்குகள் ஒன்றாகக் குதித்து முந்தும் போட்டி, ஆற்றோடு நெடு ஓட்டம் எல்லாம் உண்டு. முதலிடம் பெறும் ஆணுக்கு 'ரேபிட் ராஜா', பெண்ணுக்கு 'ரேபிட் ராணி' பட்டம். ஒன்றாக முந்தும் அந்தப் போட்டிதான் கயாக் கிராஸ் என்ற பெயரில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. குடகின் பாராபோளே ஆறும் மழையில்தான் ராஃப்டிங்குக்குத் தயாராகும். தண்டேலியின் காளி ஆறு சூபா அணை திறக்கும் நீரை நம்பியிருக்கிறது. இலங்கையில் களனி கங்கையின் கித்துல்கல இந்த விளையாட்டுக்குப் பேர்போன இடம்.

தமிழ்நாட்டில் ராஃப்டிங்குக்கு அப்படி ஓர் ஊர் இல்லை. ஆனால் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காவிரியின் எந்தப் பாறைக்குப் பின்னால் சுழி, எந்த நீர்மட்டத்தில் எந்த வழி அடைபடும் என்பதைத் தலைமுறைகளாகக் கையில் வைத்திருப்பவர்கள். அவர்களுக்குக் கயிறு வீசும் பயிற்சியும், ஓடும் நீரில் மீட்கும் பயிற்சியும் ஆண்டுதோறும் அரசு தர வேண்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கையில் கயாக் துடுப்பைக் கொடுக்க வேண்டும். ரிஷிகேஷில் கார்வால் கிராமத்துப் பையன்கள் சிறந்த கைடுகளாக எழுந்தது அப்படித்தான்.

இந்த விடுமுறைக்கு ரிஷிகேஷோ தண்டேலியோ கித்துல்கலவோ போகத் திட்டமிட்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலையைக் கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். கைடுக்கு உரிமம் இருக்கிறதா? துணைக்குக் கயாக் வருகிறதா? படகில் கயிற்றுப் பை இருக்கிறதா? இன்று ஆற்றின் நீர்மட்டம் எப்படி? லைஃப் ஜாக்கெட்டை உடம்போடு இறுகும் அளவுக்குக் கட்டச் சொல்லுங்கள். ஆற்றிலிருந்து உங்களைத் தூக்குகிறவர் அதன் தோள்பட்டையைப் பிடித்துத்தான் தூக்குவார், தளர்ந்திருந்தால் ஜாக்கெட் மட்டும்தான் அவர் கைக்கு வரும். குடித்துவிட்டு வந்தவரைப் படகில் ஏற்றாதீர்கள். நண்பராக இருந்தாலும் ஏற்றாதீர்கள். கரையில் கைடு பேசும் பத்து நிமிடமும் போனைப் பையில் வையுங்கள். கேட்டவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாத படகில் ஏற வேண்டாம். கட்டிய பணம் போனால் போகட்டும்.